நாள் ஒன்றுக்கு ஒரு பழம்

என் வீட்டுத் தக்காளியை அடுத்தவருக்குக் கொடுப்பது குற்றம். முழுப் பழம் கொடுத்தாலும் குற்றம், ஒரு துண்டு கொடுத்தாலும் குற்றம். மொட்டைமாடிக் கதவில் மருந்துத் துறை ஒட்டிவிட்டுப் போன அட்டையில் பெரிய எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. படிக்கத் தெரியாதவள் இல்லை நான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம், அடுத்தவர் படிக்காமல் கையெழுத்துப் போட வந்ததையெல்லாம் உட்கார வைத்துப் படித்துக் காட்டியவள். தெரிந்தேதான் கொடுத்தேன்.

என் கணவர் சௌந்தரபாண்டியனின் இதயத்தில் ஒரு வால்வு உலோகத்தால் ஆனது. மின்விசிறி நின்றுவிட்டால் அதன் சத்தம் கேட்கும், கைக்கடிகாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்ததுபோல. அந்த வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் மருந்து போக வேண்டும். முன்பு மாத்திரை இருந்தது. மாத்திரையைவிடச் செடி மலிவு என்று ஆனபிறகு மாத்திரை செய்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள். இப்போது மருந்து தக்காளிக்குள்ளேயே ஊறுகிறது. ரத்தத்தைச் சோதித்து, அவரவருக்கு ஏற்ற நாற்றைத் துறை கொடுக்கும். வளர்ப்பது நம் பொறுப்பு. நாள் ஒன்றுக்கு ஒரு பழம்.

வேறு யாரும் தெரியாமல் தின்றுவிட்டால் என்ன செய்வது என்று செடியை உருவாக்கியவர்களும் யோசித்திருக்கிறார்கள். தக்காளியும் மிளகாயும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். தக்காளிக்குள் தூங்கிக்கொண்டிருந்த காரத்தை எழுப்பிவிட்டால் போதும், கடித்தவன் துப்பிவிடுவான், நோயாளி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவான் என்று முடிவு செய்தார்கள். நல்ல யோசனைதான். யோசித்தவர்கள் மதுரைக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்திருக்கலாம்.

செடி வருவதற்கு முன்பும் எனக்குத் தோட்டம் இருந்தது. எங்கள் குடியிருப்பில் நாங்கள் இருக்கும் மூன்றாம் மாடிதான் கடைசி. அதற்கு மேலே மொட்டைமாடியில் தொட்டி தொட்டியாக வைத்திருந்தேன். சம்பா மிளகாய், குண்டு மிளகாய், காந்தாரி, குடைமிளகாய், நாட்டுத் தக்காளி. எந்த மிளகாய் என்று கண்ணை மூடிக்கொண்டு நாக்கால் சொல்வேன். கை கொள்ளாமல் காய்க்கும், குடியிருப்பு முழுக்கக் கொடுப்பேன். துறை வந்தது, மகரந்தம் கலந்துவிடும் என்று எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னது. மிஞ்சியது இரண்டே செடி. ஒன்று காய்க்கும்போது அடுத்தது வளரும்.

அந்த இரண்டு செடியையும் நான் பார்த்துக்கொண்ட மாதிரி பெற்ற பிள்ளையைக்கூடப் பார்த்ததில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது வேறு விஷயம். இலை லேசாகச் சுருண்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இலைக்கு அடியில் ஒரு வெள்ளை ஈ தெரிந்தால் புளித்த மோரோடு ஓடுவேன். பூக்கும் காலத்தில் ஒவ்வொரு பூவாக விரலால் சுண்டிவிடுவேன். பழத்தின் அடி கறுத்தால் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவேன். ஒரு பழம் அழுகி விழுந்தால் அவருடைய ஆயுளில் ஒரு நாள் விழுந்ததாகவே எனக்குத் தோன்றும்.

ஆனால் நல்ல நாளில் தினம் ஏழு பழம் பழுக்கும். ஒன்று அவருக்கு. மிச்ச ஆறையும் துறையின் நீலப் பெட்டியில் போட வேண்டும், சனிக்கிழமை வண்டி வந்து அள்ளிப்போய் எரித்துவிடும். தோலெல்லாம் மினுமினுக்கும் பழத்தை எரிக்கக் கொடுப்பது எப்படி இருக்கும் என்று தோட்டம் போட்டவளுக்குத்தான் தெரியும். நான்கு வருஷமாக யாரும் என்னிடம், "அரசியக்கா, உங்க தக்காளி மாதிரி வராதுக்கா" என்று சொல்லவில்லை. அது எனக்கு வலித்தது.

ஆடி மாதம் ஒரு நாள், இரண்டாம் மாடி ஜெசிந்தா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினாள். அவள் கணவன் சூசை தண்ணீர் கேன் போடுகிறவன், பெண் பிள்ளைகள் இரண்டு. குழம்பு காலியானதும் கிண்ணத்தைக் கழுவி வைத்தேன். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. டப்பாவில் சீனி இருந்தது. ஒரு கை அள்ளிப் போட்டிருக்கலாம். பக்கத்துக் கூடையில் காலையில் பறித்த ஏழு பழம் இருந்தது. மூன்றை எடுத்துக் கிண்ணத்தில் வைத்தேன்.

"இது மேல இருக்கிற மருந்துச் செடியாக்கா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"சேச்சே. இது வேற. தெரிஞ்சவங்க குடுத்த ரகம். காரமா இருக்கும் ஜெசி, கடிச்சுப் பாத்துட்டு வேண்டாம்னா தூரப் போட்டுரு."

துப்பிவிடுவாள் என்று நானும் நினைத்தேன். துறையின் புத்திதான் எனக்கும்.

மறுநாளே மேலே ஏறி வந்தாள். "அக்கா, மிளகாய்த்தூளே போடல, வெறும் தக்காளி, நல்லெண்ணெய், பூண்டு. தொக்கு வச்சேன் பாருங்க, இவரு வழிச்சு வழிச்சுத் திங்கிறாரு! இன்னும் ரெண்டு இருக்காக்கா? உங்க கைக்கு மட்டும் எப்படித்தான் வருதோ."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக நான்கு பழம் கொடுத்தேன். அப்புறம் எங்கள் தூக்குவாளியில் போட்டு அனுப்பினேன், அப்புறம் இன்னொரு தடவை. ஒரு வீட்டில் நான்கு பேர், ஒரு பாட்டில் தொக்கு, ஆளுக்கு ஒரு விரல்நுனி, அதில் என்ன மருந்து இருந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். புரட்டாசியில் வெள்ளை ஈ விழுந்து செடி படுத்துவிட்டது. நீலப் பெட்டிக்கே பழம் இல்லை, ஒன்றுகூடக் கீழே போகவில்லை. ஐப்பசி பிறந்ததும் செடி மறுபடி எழுந்து காய்த்துத் தள்ளியது. அந்தப் பத்து நாளில் பதினான்கு பழம் கீழே போனது.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஜெசிந்தா வீட்டுச் சாவியோடு வந்து நின்றாள்.

"அக்கா, நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு இவருக்கு ஆபரேஷன். குடலிறக்கம். கேன் தூக்கித் தூக்கி வந்தது. சாயங்காலம் அட்மிட் ஆவணும். பிள்ளைக ஸ்கூல் விட்டு வந்தா சாவியக் குடுத்துருங்க."

"ரத்தமெல்லாம் சோதிச்சுப் பாத்தாங்களா?"

"போன மாசமே எடுத்துட்டாங்கக்கா. எல்லாம் நல்லா இருக்காம்."

போன மாதம். என் செடி படுத்துக் கிடந்த மாதம்.

"பிள்ளைக தொக்கு சாப்பிடுதுகளா?" என்று கேட்டேன்.

"அதுகளுக்குக் காரம் ஆகாதுக்கா. எனக்கு அல்சர். அத்தனையும் இவருதான். இட்லிக்கு, சோத்துக்கு, ராத்திரி சப்பாத்திக்கு. காலைல பாட்டிலக் கழுவித் தண்ணியக் குடிக்காத குறைதான்."

இரண்டு கையாலும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டேன். பதினான்கு பழம், ஒரு ஆள், பத்து நாள். என் கணவர் சாப்பிடுகிற மருந்தைவிடக் கூடுதலாக, ஒன்றும் தேவைப்படாத ஒரு உடம்புக்குள் போயிருக்கிறது. நாளைக் காலையில் அந்த வயிற்றைக் கத்தியால் கீறப் போகிறார்கள்.

"ஜெசி, நாளைக்கு அஷ்டமி. நல்ல நாளாப் பாத்து வச்சுக்கக் கூடாதா?"

அவள் சிரித்துவிட்டாள். "எங்களுக்கு ஏதுக்கா அஷ்டமி நவமி? சாமியார் ஜெபம் பண்ணிக் குடுத்துட்டாரு. டாக்டரு நாளைய விட்டா அடுத்த மாசம்ங்கிறாரு."

சாவியைக் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

உள்ளே அவர் கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதல் கிண்ணத்திலிருந்து சொன்னேன். பேப்பரை மடித்து, மறுபடி மடித்து, கைக்குள் அடங்கும் அளவுக்கு மடித்தார்.

"சொன்னா செடியப் பிடுங்கிருவாங்க," என்றார்.

"ஆமாங்க."

"மாத்திரையும் இல்ல."

"ஆமாங்க."

"ஆஸ்பத்திரில அதுக்கு ஊசி இருக்கும்ல?"

"எத்தனை நாளைக்கு இருக்கும்னு தெரியாது."

மின்சாரம் நின்றதா, நான்தான் விசிறியைப் போட மறந்தேனா என்று நினைவில்லை. டிக், டிக் என்று அவர் நெஞ்சுக்குள் கேட்டது. நான் வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன்: அந்த நேரத்தில் எனக்குச் சூசை பெரிதாகத் தெரியவில்லை. ஒருவேளை ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், ரத்தம் நிற்காவிட்டால் ஏதாவது செய்வார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கும். இப்படி ஒரு முழு நிமிஷம் யோசித்தேன்.

"முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டுனேன் அரசி," என்றார் அவர். "வளைவுல மாடு படுத்திருந்தா எதிர்ல வர்ற வண்டிக்கு லைட்ட அடிச்சுக் காட்டிட்டுத்தான் போவேன். அவன் யாரு எவருன்னு பாத்ததில்ல." மடித்த பேப்பரைக் கீழே வைத்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனாலும் நீ கீழ போ."

போனேன். சூசை பையில் லுங்கியும் துண்டும் அடுக்கிக்கொண்டிருந்தான். "வாங்கக்கா" என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். ஜெசிந்தா முதலில் புரியாமல் பார்த்தாள், பிறகு அலமாரியிலிருந்து தொக்கு பாட்டிலை எடுத்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு பார்த்தாள். அடியில் ஒரு விரல் உயரம்தான் மிச்சம் இருந்தது.

"நான் கேட்டேனேக்கா. மருந்துச் செடியான்னு நான் கேட்டேனே."

"கேட்ட ஜெசி."

"இல்லன்னீங்களே."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"உங்க வீட்டு ஆம்பளை உசுரு மட்டும் உசுரு. என் வீட்டு ஆம்பளை என்ன, உங்க தக்காளிக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறவனா?" என்று கத்தினாள். எப்படி அவ்வளவு சரியாகச் சொன்னாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை மருத்துவமனையில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். உறைய வேண்டிய நேரத்தைப்போல நான்கு மடங்கு ஆகியும் உறையவில்லையாம். கத்தி வைத்திருந்தால் மேசையிலேயே போயிருப்பான் என்று டாக்டர் சொன்னதைச் சூசைதான் வந்து என்னிடம் சொன்னான், ஜெசிந்தா சொல்லவில்லை. மாற்று மருந்து கொடுத்து, பத்து நாள் கழித்து ஆபரேஷன் என்றார்கள். ஆள் பிழைத்தான். மருத்துவமனை துறைக்குத் தகவல் கொடுத்தது. அது அவர்கள் கடமை.

வியாழக்கிழமை தமயந்தி என்ற பெண் அதிகாரி வந்தாள். முப்பது வயதிருக்கும். கையுறை, பெரிய பிளாஸ்டிக் பை, மண்வெட்டி. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை.

"இந்த வாரத்துல நீங்க ஒன்பதாவது வீடும்மா," என்றாள். "ஒருத்தர் ஊறுகாய் போட்டுக் கல்யாண வீட்டுக்கே அனுப்பியிருக்காரு. ஒரு மெஸ்ஸுல இதை வாங்கிச் சட்னி அரைச்சிருக்காங்க, அங்க சாப்பிட்ட ஒருத்தருக்குப் பல்லப் பிடுங்கி மூணு நாளா ரத்தம் நிக்கல."

"காரம் வச்சா யாரும் திங்க மாட்டாங்கன்னு யாரும்மா முடிவு பண்ணது?"

"எங்கேயோ ஒரு ஆய்வுக்கூடத்துல நூறு பேரக் கடிக்க வச்சுப் பாத்தாங்களாம். தொண்ணூத்தெட்டு பேரு துப்பிட்டாங்களாம்." சிரிக்காமல் சொன்னாள். "நம்ம ஊருக்குக் கசப்பா மாத்தித் தாங்கன்னு கேட்டிருக்கோம். அதுக்கு வழியில்லையாம். காரமும் மருந்தும் ஒரே முடிச்சாப் போட்டுட்டாங்க. காரம் எவ்வளவோ அவ்வளவு மருந்து. காரம் போனா மருந்தும் போயிரும்."

நான் வளர்த்த இரண்டு செடியையும் மண்ணோடு கிளப்பினாள். ஒன்றில் பதினொரு காய், இன்னொன்றில் பூ. நேற்றுதான் அந்தப் பூக்களைச் சுண்டிவிட்டிருந்தேன். பைக்குள் போட்டுக் கட்டும்போது தக்காளி இலையின் வாசம் எழுந்தது. நான் மாடிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன்.

"வேற செடி எப்பம்மா?"

"விசாரணை முடியணும். மூணு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் துறை ஆஸ்பத்திரில ஊசி போட்டுக்கலாம்." எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "இருப்பு இருக்கிறவரைக்கும்."

பிறகு இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். நானும் பின்னால் போனேன். ஜெசிந்தா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"விதை ஏதாவது எடுத்து வச்சீங்களா? முளைக்கப் போட்டீங்களா?" என்று தமயந்தி கேட்டாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. விதையிலருந்து வர்ற செடி தாய்ச்செடி மாதிரி இருக்காது. ஒண்ணுல மருந்தே இருக்காது, ஒண்ணுல ரெட்டிப்பா இருக்கும். எங்களாலயே சொல்ல முடியாது."

"எனக்கெதுக்கு மேடம் அந்தச் சனியன்?" என்றாள் ஜெசிந்தா. என்னைப் பார்க்காமல் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயிற்றில் ஊசி. முதல் வாரம் வரிசையில் இருபது பேர், அடுத்த வாரம் அறுபது பேர். எல்லாரும் கொடுத்துக் கெட்டவர்கள்தான். ஒருத்தி தன் நாத்தனாருக்குக் கொடுத்தாளாம், ஒருவர் சபரிமலைக்குப் போகிற கோஷ்டிக்குப் புளியோதரையில் போட்டாராம். பதினெட்டாம் நாள் நர்ஸ் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் நின்று கையை விரித்தாள். அடுத்த லோடு எப்போது என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஊசி நின்ற முதல் நாள் நான் அவரைத் தூங்கவே விடவில்லை. பேச்சுக் குழறுகிறதா, ஒரு பக்கம் கை மரக்கிறதா என்று மணிக்கொரு தரம் கேட்டேன். "எழுந்து நின்னு சிரிங்க, வாய் கோணுதான்னு பாக்கணும்" என்றேன். "சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லு" என்றார்.

இரண்டாம் நாள் மதியம் மூன்று மணிக்குக் கதவு தட்டும் சத்தம். ஜெசிந்தா. இருபது நாளாக மாடிப்படியில் எதிரே வந்தால்கூடச் சுவரோரம் ஒதுங்கிப் போனவள். கையில் எங்கள் தூக்குவாளி, மூடியில் அவர் பெயரின் முதலெழுத்து பொறித்தது. கடைசியாகப் பழம் போட்டு அனுப்பியது அதில்தான். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இரண்டு வீட்டுக்கும் இனி ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கையை நீட்டி வாங்கினேன்.

கனமாக இருந்தது.

மூடியைத் திறந்தேன். உள்ளே ஐந்து தக்காளி. ஒவ்வொன்றின் காம்பிலும் ஒரு கலர் நூல் கட்டியிருந்தது.

"முதத் தடவை குடுத்தீங்கள்ல, ஆடியில," என்றாள். குரல் இன்னும் கோபமாகத்தான் இருந்தது. "இவ்வளவு ருசியா இருக்கேன்னு விதையச் சாம்பல்ல பிரட்டிக் காயவச்சேன். பின்பக்கம் பெயின்ட் வாளியில போட்டேன். அஞ்சு செடி. அந்தப் பொம்பளை வந்தப்ப இடுப்பு உயரத்துல நின்னுச்சு. கதவுக்குப் பின்னாலதான்."

"ஏன் சொல்லல?"

"பிடுங்கிப் போடணும்னுதான் நெனச்சேன். தெனமும் காலைல பிடுங்கத்தான் போவேன். காய் இருக்கே, பழுக்கட்டும்னு வந்துருவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவருக்குத் தையல் பிரிச்சாச்சு, நல்லா நடக்கிறாரு. அண்ணனுக்கு ஊசி இல்லன்னு இவருதான் வந்து சொன்னாரு. ஒவ்வொரு செடிக்கும் ஒரு கலர் கட்டியிருக்கேன். நான் வாயில வைக்கலக்கா, பயமா இருக்கு."

உள்ளே அழைத்தேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். தட்டில் ஐந்து பழத்தையும் வரிசையாக வைத்துக் கத்தியை எடுத்தேன். காரம் எவ்வளவோ அவ்வளவு மருந்து. அதை அளக்க இந்த வீட்டில் இருந்த ஒரே கருவி என் நாக்கு.

பச்சை நூல் பழத்தில் ஒரு சீவல் எடுத்து வாயில் வைத்தேன். இனிப்பு. சந்தையில் கிடைக்கிற தக்காளி. நல்ல தக்காளி, என் வாழ்நாளில் அவ்வளவு வெறுத்த தக்காளி வேறில்லை.

மஞ்சள் நூல். புளிப்பு மட்டும்.

தண்ணீர் குடித்துவிட்டு ஊதா நூலை எடுத்தேன். நாக்கின் நடுவில் ஏதோ லேசாகச் சுரீர் என்றது. காத்திருந்தேன். அவ்வளவுதான், குடைமிளகாயின் விதையைக் கடித்த மாதிரி வந்து போய்விட்டது.

வெள்ளை நூல். ஒன்றுமில்லை.

ஜெசிந்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி, சிவப்பு நூல். அரிசி அளவுக்குச் சீவினேன். வாயில் வைத்ததும் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்து நிமிர்ந்தேன். அப்போது நாக்கின் அடியிலிருந்து பற்றியது. உதடு, அண்ணம், காது மடல் வரைக்கும் போனது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. இருமினேன், சிரித்தேன், ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு பாதியிலேயே எனக்கு நின்றுவிட்டது. எங்கள் பழைய பழம் சம்பா மிளகாயின் காரம். இது அதைப்போல இரண்டு மூன்று மடங்கு எரிக்கிற காந்தாரி. அதைவிடவும் கொஞ்சம் மேலே.

"கெடச்சிருச்சா?" என்றார் அவர்.

"கெடச்சிருச்சு."

"எவ்வளவு திங்கணும்?"

பழத்தைப் பாதியாக வெட்டினேன். ஒரு பாதியைப் பார்த்தேன். அதை மறுபடி பாதியாக்கினேன். வாயை அலம்பிவிட்டு இன்னொரு சீவல் வைத்துப் பார்த்தேன், இப்போது நாக்கு மரத்துப்போயிருந்தது, முன்பைவிடக் குறைவாகத் தெரிந்தது. குறைந்தால் அவருக்கு உறைந்துவிடும், கூடினால் நிற்காமல் கசியும்.

அவர் காத்திருக்கவில்லை. கால் துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். முகமெல்லாம் சிவந்தது. ஜெசிந்தா எழுந்து போய் விசிறியை நிறுத்தினாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான் நிறுத்தினாள்.

மூன்று பேரும் உட்கார்ந்து அவர் நெஞ்சுக்குள் கேட்கும் அந்த டிக், டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.